லண்டன்ல பைசா குடுக்காம மேல ஏறி ஊர் பாக்க, புதுசா வந்த நம்ம குமரி மாவட்டக்காரங்களுக்கு

தம்பி, தக்கலைலருந்து அம்மை முதல் தடவையா வாறாங்க, வாடகை குடுத்தா கையில ஒண்ணும் நிக்கல்ல, எங்க கூட்டிட்டுப் போகன்னு கேட்டிருந்தீங்க. ஸ்கை கார்டனுக்குப் போங்க. ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்ல 20-ம் நம்பர் பில்டிங், வாக்கி டாக்கின்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். உயரம் 160 மீட்டர், நம்ம வள்ளுவர் சிலை 133 அடியில்லியா, அத நாலு அடுக்கி வச்சா ஏறக்குறைய அவ்வளவு, அதுக்க உச்சியில 35-வது மாடில தோட்டம், 2015-லருந்து இருக்கு, டிக்கெட்டுக்கு ஒத்த பைசா கெடையாது.

ஆனா ஆன்லைன்ல முன்னாலயே புக் பண்ணணும். மூணு வாரம் வரைக்குமுள்ள ஸ்லாட்ட திங்கக்கிழமை தோறும் விடுவாங்க, சூரியன் எறங்குற நேரத்துக்குள்ளது சட்டுனு தீந்துரும், அதனால காலைலயே ஃபோன எடுத்து வச்சுப் பாருங்க. ஈஸ்ட் ஹாம்லருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில்ல ஏறினா மாறாண்டாம், நேரா மானுமென்ட் ஸ்டேஷன், பெறகு கொஞ்சம் நடந்தா போதும். வாசல்ல ஏர்போர்ட் மாதிரி செக்கிங் உண்டு. சோறு கட்டிட்டுப் போகாண்டாம், விட மாட்டாங்க.

நான் வந்த புதுசுல ஒரு வருசம் அந்த பில்டிங்குக்க கீழ வழியாத்தான் வேலைக்குப் போனேன், கோட்டு போட்டவங்களா உள்ள போறதப் பாத்து இது நமக்கில்லன்னே நெனச்சிட்டு இருந்தேன். அந்த எடத்துல அவ்வளவு ஒசரமா கட்ட அனுமதி கெடச்சதுக்கு ஒரு காரணமே மேல பொதுமக்களுக்குத் தோட்டம் உண்டுன்னு சொன்னதுதான்னு பெறகுதான் தெரிஞ்சுது. அதனால கூசாம போங்க, அது நமக்கும் உள்ள எடம்.

எனக்க அம்மை வந்து ஒரு வாரமா ஜன்னல் வழியா எதுத்த செவரத்தான் பாத்துட்டு இருந்தாங்க. மேல போனதும் தேம்ஸ் ஆத்தப் பாக்கல்ல, செடிகிட்ட குனிஞ்சு ஒரு இலையத் தடவிட்டு "இது நம்ம ஈந்துல்லா மக்கா"ன்னாங்க. பெறகு வெளிய மொட்டமாடில வந்தா எதுத்தாப்புல ஷார்டுங்கிற கூர்மையான கண்ணாடிக் கோபுரம், எடது கைப்பக்கம் டவர் பிரிட்ஜ், கீழ தேம்ஸ்ல படகு போகுது. கடலு எந்தப் பக்கம்னு கேட்டாங்க. கெழக்கன்னு காட்டுனேன், அந்தப் பக்கமே பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னாங்க.

ஸ்லாட் கெடைக்கல்லன்னா வெசனப்படாண்டாம், அதே தெருவுல 120-ம் நம்பர்ல கார்டன் அட் 120 இருக்கு, 15-வது மாடி, புக்கிங்கே வேண்டாம், திறந்த வெளி, பெஞ்சுல உக்காரலாம், கெர்கின் பில்டிங் தொட்டுப் பாக்குற மாதிரி பக்கத்துல நிக்கும். மழையும் காத்தும் மோசம்னா மூடிருவாங்க. ஒசரந்தான் வேணும்னா பிஷப்ஸ்கேட் 22-ல ஹொரைசன் 22, 58-வது மாடி, அதுவும் ஃப்ரீதான், புக் பண்ணணும், ஆனா அங்க செடி கொடி ஒண்ணும் பெருசா இல்ல, வயசானவங்களுக்கு தோட்டந்தான் கொள்ளாம்.

அம்மைக்கு ஸ்வெட்டரும் தலைக்கு ஒரு துணியும் எடுத்துக்கிடுங்க, மேல சில நேரம் ஆரல்வாய்மொழி காத்து மாதிரியே அடிக்கும்.