மோஸ்ட் வாண்டட் 2012: பிடிபட்டாலும் ஒன்றும் போகாத துரத்தல் எதற்கு?

ராக்போர்ட்வாசி:

கிரைட்டீரியன் நிறுவனம் 2012-இல் உருவாக்கிய 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வாண்டட்' கார் பந்தய கேமை இப்போது சிலர் காலம் கடந்து கொண்டாடுகிறார்கள். ஃபேர்ஹேவன் என்ற கற்பனை நகரம், எந்தத் தெருவிலும் நுழையலாம், விதியை மீறினால் போலீஸ் துரத்தும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விளையாடி முடித்த எனக்கு மிஞ்சியது சலிப்பு.

தெருமுனையில் ஒரு கார் நிற்கிறது. பக்கத்தில் போய் ஒரு பட்டனை அழுத்தினால் அது நம்முடையது. பணம் சேர்க்க வேண்டாம், யாரையும் ஜெயிக்க வேண்டாம். பட்டியலில் இருக்கும் பத்து எதிரிகளின் கார்களை மட்டும்தான் வென்று எடுக்க வேண்டும். முதல் நாள் மாலையிலேயே ஆஸ்டன் மார்ட்டினும் போர்ஷேயும் கைக்கு வந்துவிட்டால் மறுநாள் எதற்காக உட்கார வேண்டும்? துரத்தலில் பிடிபட்டால் அந்தத் துரத்தலில் சேர்த்த புள்ளிகள் போகும், அவ்வளவுதான். கார் பத்திரமாக இருக்கும்.

பிளாக் பாக்ஸ் நிறுவனம் 2005-இல் செய்த, இதே பெயர் கொண்ட முந்தைய கேமில் பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டும். அந்தக் காரின் கணக்கில் ஒரு குறி விழும். குறிகள் நிரம்பினால் காரே பறிமுதல். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, எஞ்சினை மாற்றி, வண்ணம் பூசி வைத்த கார் அது. டயரைக் கிழிக்கப் போலீஸ் சாலையில் விரிக்கும் ஸ்பைக் பட்டை (முள் பட்டை) கண்ணில் பட்டால் உள்ளங்கை வியர்த்தது அதனால்தான்.

நாலுவழிச்சாலை:

அந்த வியர்வை எத்தனை நாள் நீடித்தது ஐயா? 2005 கேமில் ஒரு பஸ் நிலையம் உண்டு, மறந்துவிட்டீர்களா? அங்கே நிற்கும் பஸ்களின் கூரைமேல் காரை ஏற்றிவிட்டால் போலீஸால் நெருங்க முடியாது. அவர்கள் கீழே வட்டமிட்டுக்கொண்டிருப்பார்கள், நம் தலைக்கான விலை ஏறிக்கொண்டே இருக்கும், நாம் எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வரலாம். பறிமுதல் பயம் ஆட்களைத் துணிச்சலாக ஓட்ட வைக்கவில்லை. பஸ் கூரையைத்தான் தேட வைத்தது.

இன்னொன்று. 2005 கேமின் ராக்போர்ட் நகரம் திறந்த நகரம் என்று சொல்லிக்கொள்கிறோமே, அதில் பெரும்பாலான பந்தயங்களை மெனுவிலிருந்துதானே தேர்ந்தெடுத்தோம்? பந்தயம் தொடங்கியதும் குறுக்குத் தெருக்களை ஒளிரும் அம்புக்குறிகளால் அடைத்துவிடுவார்கள். ஃபேர்ஹேவனில் அடைப்பே கிடையாது. ஓட்டிக்கொண்டே ஈஸிடிரைவ் மெனுவைத் திறந்து டயரை மாற்றலாம், அடுத்த பந்தயத்தைக் குறிக்கலாம். வண்டி நிற்பதே இல்லை.

ஃபோர்டு ராப்டரை எடுத்துக்கொண்டு, கரடுமுரடான பாதைக்கான டயரைப் போட்டுக்கொண்டு, போலீஸைத் தார்ச்சாலையிலிருந்து மண்மேட்டுக்கு இழுத்துப் பாருங்கள். பின்னால் வருபவர்கள் வழுக்கித் திணறுவார்கள். கண்ணில் படாத நேரம் பார்த்துப் பழுதுபார்க்கும் கடைக்குள் புகுந்து வெளியே வந்தால் காரின் நிறமே மாறியிருக்கும், போலீஸின் வேகமும் தணியும். இந்த ஓட்டம்தான் பரிசு. இதற்குமேல் ரசீது எதற்கு?

குட்டிச்சுவர்:

இருவரும் தத்துவம் பேசுகிறீர்கள். என் பிரச்சினை சில்லறைப் பிரச்சினை. ஒவ்வொரு முறை மோதும்போதும் கேமரா என்னை விட்டுவிட்டு வெளியே போய், என் கார் உருள்வதை மெதுவாகக் காட்டுகிறதே, யார் கேட்டார்கள்? நான் உருண்டுகொண்டிருக்கும்போது எதிரி அடுத்த பாலத்தைத் தாண்டிவிடுகிறான்.

நாலுவழிச்சாலை அவர்களே, தெருவை அடைக்காததைப் பெருமையாகச் சொன்னீர்கள். விளைவு என்ன? எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் மூலையில் இருக்கும் சிறு வரைபடத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரைபடம் பார்த்தால் சுவர்தான் வரும். என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

நாலுவழிச்சாலை:

வரைபட விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் ஊர் பழகிவிட்டால் அதைப் பார்க்கத் தேவையிருக்காது. ஊரைப் பழகுவதுதான் இந்த ஆட்டம்.

மோதல் கேமரா அவர்களின் குடும்பச் சொத்து. அதே கிரைட்டீரியன்தான் 2008-இல் 'பர்ன்அவுட் பாரடைஸ்' செய்தது. அதில் மோதுவதே கொண்டாட்டம், கார் அப்பளமாக நொறுங்கும். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். எதிராளியை இடித்துச் சாய்க்கும்போது அது இனிக்கிறது. நாம் லாரியில் மோதும்போது கசக்கிறது.

ராக்போர்ட்வாசி:

பஸ் கூரை ஓட்டையைக் காட்டி ஒரு கேமின் அமைப்பையே தள்ளிவிட முடியாது. ஓட்டை இருந்தது, பயன்படுத்தியவர் பயன்படுத்தினார். மற்றவர்களுக்கு ராக்போர்ட்டில் போலீஸை எதிர்க்க நகரமே ஆயுதமாக இருந்தது. பெட்ரோல் பங்க், தண்ணீர்த் தொட்டி, கடை வாசலில் நிற்கும் ராட்சத டோனட் பொம்மை: தாங்கிநிற்கும் கால்களை இடித்துவிட்டுப் பாய்ந்தால் பின்னால் வரும் கார்களின் மேல் சரியும். எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும். ஊரைப் பழகுவது என்றீர்களே, அது இதுதான். ஃபேர்ஹேவனில் எனக்கு நினைவிருப்பது விளம்பரப் பலகைகள் மட்டுமே.

அடுத்தது எதிரி. 2005-இல் ரேசர் என்ற முக்கிய எதிரி நம் பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் காரைப் பறித்துக்கொள்கிறான். சார்ஜென்ட் கிராஸ் என்ற போலீஸ்காரன் நம்மைப் பிடித்தே தீருவேன் என்று அலைகிறான். பட்டியலில் பதினைந்து பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், ஒரு திமிர். 2012-இன் பத்துப் பேரில் ஒருவர் பெயரையாவது சொல்லுங்கள் பார்ப்போம். முதலிடத்தில் இருப்பது கோனிக்செக் அகேரா ஆர். அதை ஓட்டுபவர் யார்? ஒருவருமில்லை. காரோடு பகை வளர்க்க எனக்குத் தெரியவில்லை.

நாலுவழிச்சாலை:

ரேசரின் நடிப்பை நீங்கள் சமீபத்தில் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மஞ்சள் பூசிய காட்சிகளில் முறைத்துக்கொண்டு நிற்பதுதான் திமிரா? தொடக்கத்துக்குப் பிறகு கதை தொலைபேசிச் செய்திகளாகச் சுருங்கிவிடும், அதையும் பாதிப் பேர் கேட்காமல் தாண்டிவிடுவார்கள். பகை என்றால் பந்தயத்தில் வர வேண்டும். 2012-இல் எதிரியைத் தோற்கடித்தால் மட்டும் போதாது. அதன்பிறகு அவன் நகரத்துக்குள் ஓடுவான், துரத்திப்பிடித்து இடித்துச் சாய்த்தால்தான் கார் கிடைக்கும். கொஞ்ச நேரம் நாமே போலீஸாகிவிடுகிறோம். வசனமே இல்லாமல் அது போதுமானதாக இருந்தது எனக்கு.

சீதா_வி8:

ராக்போர்ட்வாசி அண்ணா அலட்சியமாகச் சொன்ன அந்த விளம்பரப் பலகைதான் எனக்கு இந்த கேம். பலகையை உடைத்துக்கொண்டு அதிக தூரம் பாய்ந்த நண்பரின் படம் அதில் வந்து உட்கார்ந்துவிடும். நகரத்தின் மையத்தில் என் தம்பியின் இளித்த முகம்! அதை எடுக்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. வேகக் கேமராக்களிலும் இதே போட்டிதான். இழக்க எதுவும் இல்லை என்கிறீர்கள், மானம் இருந்ததே.

ஆனால் இதில் ஒரு சிக்கல். நண்பர்கள் விளையாடுவதை நிறுத்தியதும் நகரம் செத்துவிட்டது. தனியாக விளையாடினால் என்ன மிஞ்சுகிறது? ஒரு காருக்கு ஐந்து பந்தயங்கள். புதிய காரில் ஏறினால் போன காரில் ஓடிய அதே பாதை மறுபடி வருகிறது. பரிசாக அதே நைட்ரஸ் (திடீர் வேகம் தரும் வாயு), அதே டயர். இதைக் கேட்க யாருமில்லை இங்கே, எல்லோரும் போலீஸைப் பற்றியே பேசுகிறீர்கள்.

போலீஸ் பற்றியும் ஒன்று. இதே வரிசையில் 2019-இல் வந்த 'ஹீட்' விளையாடியிருக்கிறீர்களா? பாம் சிட்டி என்ற நகரம். இரவில் போலீஸ் கெடுபிடி ஏற ஏற நாம் சேர்த்த மதிப்பு பல மடங்காகும். ஆனால் கராஜுக்குத் திரும்பினால்தான் அது கணக்கில் சேரும், வழியில் பிடிபட்டால் பெரும்பகுதி கரைந்துவிடும். கார் அடிபட்டால் பெட்ரோல் பங்கில் சரிசெய்யலாம், அதுவும் ஓர் இரவில் மூன்று முறைதான். ராக்போர்ட்வாசி அண்ணா கேட்ட பயம் அங்கே இருக்கிறது.

ராக்போர்ட்வாசி:

இதைத்தான் சொல்கிறேன். காரைப் பறிக்கக்கூட வேண்டாம், ஓர் இரவின் உழைப்பைப் பணயம் வைத்தால் போதும்.

நாலுவழிச்சாலை:

ஹீட்டில் நான் எப்படி விளையாடினேன் தெரியுமா? கெடுபிடி மூன்றாம் நிலை வந்ததும் கராஜுக்குத் திரும்பிவிடுவேன். சேர்த்தது போய்விடுமே என்ற பயம். ஐந்தாம் நிலையில் நடக்கும் பெரிய துரத்தல்களைத் தொட்டதே அரிது. ஃபேர்ஹேவனில் ஆறாம் நிலைவரை போய், பிடிபட்டு, மறுநிமிடமே மறுபடி போனேன். எதில் அதிகம் துரத்தப்பட்டேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

ராக்போர்ட்வாசி:

மூன்றில் திரும்புவதா, இன்னும் ஒரு பந்தயம் ஓடிப் பார்ப்பதா என்று ஒரு கணம் யோசித்தீர்கள் அல்லவா? ஃபேர்ஹேவனில் அந்தக் கணம் எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. நீங்கள் எத்தனை துரத்தல் ஓடினீர்கள் என்று எண்ணுகிறீர்கள். எந்தத் துரத்தல் இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று நான் கேட்கிறேன்.

நாலுவழிச்சாலை:

ராப்டர். மண்மேடு. மேலே எழுதியிருக்கிறேன்.

குட்டிச்சுவர்:

உங்கள் சண்டை நடக்கட்டும். ஸ்பைக் பட்டையில் டயர் வெடித்தால் ஓடும்போதே தானாகக் காற்று ஏறிக்கொள்ளும் டயர் ஒன்று உண்டு என்றார்கள், எந்தப் பந்தயத்தில் கிடைக்கும்?

சீதா_வி8:

நீங்கள் ஓட்டும் காரின் பந்தயப் பட்டியலை ஈஸிடிரைவில் திறந்து பாருங்கள், எந்தப் பந்தயத்துக்கு எந்தப் பாகம் பரிசு என்று அதிலேயே போட்டிருக்கும். ஆனால் குட்டிச்சுவர் சார், உங்களுக்கு முதலில் தேவை பிரேக்.