புதுப்பிப்பு: பழைய ஜீப்பில் பவர் பிரேக், ஸ்டியரிங் பம்ப்

என் பழைய ஜீப்பில் பவர் பிரேக் வைக்க, எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் பிரேக் மிதிக்கு பலம் கூட்டும் வேக்குவம் பூஸ்டரா, ஆயில் அழுத்தத்தால் பலம் கூட்டும் ஹைட்ரோபூஸ்டா, கூடவே ஸ்டியரிங் பம்ப்பையும் மாற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஹைட்ரோபூஸ்ட்தான் முடிவானது. ஐடிலில் இந்த எஞ்சினின் வேக்குவம் போதவில்லை, பெரிய பூஸ்டருக்கு இடமும் இல்லை.

ஹைட்ரோபூஸ்டுக்கு அழுத்தம் தருவதே ஸ்டியரிங் பம்ப்தான். அதனால் பழைய பம்ப்பை விட்டுவைக்க மனம் வரவில்லை. பூஸ்டர், ஸ்டியரிங் பாக்ஸ் இரண்டின் ரிட்டர்னையும் (ஆயில் திரும்பும் குழாய்) T வடிவ இணைப்பு போட்டு ஒன்றாக்காமல் தனித்தனியே ரிசர்வாயருக்கு (ஆயில் தொட்டி) கொண்டுபோகச் சொன்னவருக்கு நன்றி. ஒன்றாக்கினால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ரிட்டர்னில் அழுத்தம் ஏறி, பிரேக் தானாகவே லேசாகப் பிடிக்கலாம்.

ஸ்டியரிங் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுப்பதுதான் பொறுமையைச் சோதித்தது. முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை ஓடவிடாமல் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகச் சுற்ற வேண்டும். நுரை அடங்கிய பிறகு ஸ்டார்ட் செய்து, பிரேக்கையும் மிதித்தபடி மறுபடி சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் பம்ப் முனகும்.

எஞ்சின் நின்ற பிறகும், பூஸ்டரின் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டரில் தேங்கிய அழுத்தம் ஓரிரு மிதிக்குக் கைகொடுக்கிறது. செங்குத்தான சரிவில் இது பெரிய விஷயம். அப்புறம், மிதியின் பலத்தை சக்கர பிரேக்குகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு பிரேக் ஆயில், பூஸ்டருக்கு ஸ்டியரிங் ஆயில். மாற்றி ஊற்றினால் சீல்கள் போய்விடும். பின் சக்கர பிரேக் டிரம்கள் இன்னும் பழையவைதான். முன்-பின் பிரேக் விகிதத்தைச் சரிசெய்யும் வால்வு அடுத்த வேலை.