டெங்கு முற்றுமா என்பதை முதல் அறிகுறிகளிலேயே கணிக்க முடியுமா?

நீடாமங்கலம் வாசகர்:
வணக்கம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எங்கள் தெருவில் காய்ச்சல் இல்லாத வீடே இல்லை. அக்காவின் மகனுக்கு, வயது 14, டெங்கு உறுதியாகியுள்ளது. ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1,20,000 இருப்பதால் பயமில்லை என்றார்கள். நான்காம் நாளான இன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் நொய்க்கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை, சுருண்டு படுத்தே கிடக்கிறான். சூடு இறங்கிவிட்டதால் இனிக் கவலையில்லை என்கிறார் அக்கா. யாருக்கு நோய் முற்றும் என்று முன்னரே அறிய வழி உண்டா?

கும்பகோணம், ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, முதலில் பையனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீதியைப் போகும் வழியில் படிக்கலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தானது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடல் சூடு தணியும்போது, ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியே கசியத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கிறது. கசிவு மிகுந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்த எச்சரிக்கை அறிகுறிகளில் விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாமை ஆகியவை உண்டு. உங்கள் பையனிடம் இரண்டு தெரிகின்றன.

நம் ஊரில் எல்லோரும் தட்டணு எண்ணையே கேட்கிறார்கள். அதே ரத்தப் பரிசோதனைத் தாளில், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்று காட்டும் ஹீமட்டோகிரிட் என்றொரு வரி இருக்கும். தட்டணு விரைவாகக் குறையும்போது அது ஏறினால், நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படுகிறது என்று பொருள். ஒப்பிட்டால்தான் தெரியும் என்பதால் பழைய தாள்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

திருவாரூர் ஆசிரியர்:
ஓர் ஐயம், அம்மா. இந்த அறிகுறிகள் உள்ளவர்களிலும் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்களே; அப்படியானால் இதைக் கணிப்பு என்று சொல்லலாமா?

செவிலியர்:
சரியான கேள்வி. எவருக்கு முற்றும் என்று அடித்துச் சொல்ல இவற்றால் முடியாது. யாரை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுக்கும் சல்லடைதான் இது. முதல் இரண்டு நாட்களில் அந்தச் சல்லடையும் அவ்வளவாக உதவாது, ஏனெனில் அப்போது எல்லாக் காய்ச்சலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாமல், நன்றாக நீர் அருந்திச் சிறுநீர் கழிப்பவரை வீட்டிலேயே வைத்து நாள்தோறும் பரிசோதிக்கலாம். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரிடம் அந்தத் துணிச்சல் வேண்டாம். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் இருப்பதால், முன்பு ஒரு வகை தாக்கியவரை வேறொரு வகை தாக்கினால் அபாயம் கூடும். முன்பு டெங்கு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நீடாமங்கலம் வாசகர்:
சேர்த்துவிட்டோம், அம்மா. ஹீமட்டோகிரிட் 38-லிருந்து 46 ஆகியிருந்தது, சலைன் ஏறுகிறது. இப்போது அக்காவுக்கும் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. கடையில் வலி மாத்திரை வாங்கித் தரலாமா?

செவிலியர்:
பாராசிட்டமால் மட்டும் போதும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை, தொடவே வேண்டாம். அங்கேயே அவருக்கும் இன்றே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒப்பிட முதல் நாள் அளவு கையில் இருக்கும்.