பில்ட் சக்சஸ் காட்டிவிட்டு ஓடும்போது உடைகிற கொடுமை

பில்ட், அதாவது கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் வேலை, உடைந்தால் எனக்குக் கோபம் வராது, எரரைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். பில்ட் சக்சஸ் என்று காட்டிவிட்டு, டெஸ்ட் எல்லாம் தாண்டி, சர்வரில் ஏற்றியபின் உடைகிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்களுடையது பழைய ஜாவா புராஜெக்ட், பில்டுக்கு மேவன் (தேவையான லைப்ரரிகளையும் தானே கொண்டுவந்து சேர்க்கும் டூல்). ரிப்போர்ட் எடுக்க ஒரு லைப்ரரி புதிதாகச் சேர்த்தோம். அவ்வளவுதான், வேறு ஒரு வரியும் மாறவில்லை. கம்பைல் ஆனது, டெஸ்ட்டும் பாஸ். சர்வரில் போட்டால், ரிப்போர்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத லாகின் பக்கத்தில் 'நோ சச் மெத்தட்' எரர், கூப்பிட்ட மெத்தடே இல்லை என்று. எந்த வரி எதைக் கூப்பிட்டது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸைப் பார்த்தால் அது எங்கள் கோடே இல்லை, ஒரு லைப்ரரி இன்னொரு லைப்ரரியைக் கூப்பிடும் இடம். சாயங்காலம் முழுக்க லாகின் பக்கத்தையே தோண்டிக்கொண்டிருந்தோம், எரர் கை காட்டியது அங்கேதானே.

கடைசியில், எந்த லைப்ரரி எதைச் சார்ந்திருக்கிறது என்று மரம்போலக் காட்டும் டிபெண்டென்சி ட்ரீ கமாண்டை, முழு விவரமும் காட்டும்படி வெர்போஸ் கொடுத்து ஓட்டிய பிறகுதான், கான்ஃப்ளிக்ட் என்று ஒதுக்கித் தள்ளிய ஒரு வரி கண்ணில் பட்டது. ஒரே லைப்ரரியை இரண்டு பேர் இரண்டு வெர்ஷனில் கேட்டால் மேவன் புதியதைத் தேடி எடுக்காது. மரத்தில் நம் புராஜெக்டுக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அதை எடுக்கும், இரண்டும் ஒரே ஆழம் என்றால் முதலில் எழுதியதை எடுக்கும். நாங்கள் சேர்த்த லைப்ரரி ஒரு பழைய வெர்ஷனைக் கிட்டத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டது, லாகினுக்குத் தேவையான புதிய வெர்ஷன் வெளியே போய்விட்டது. இவ்வளவு பெரிய முடிவை எடுத்துவிட்டு பில்ட் லாகில் ஒரு வார்னிங்கூட இல்லை! இன்னொரு பில்ட் டூலான கிரேடில் இதே இடத்தில் புதிய வெர்ஷனை எடுக்கும். அதுவும் எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது, புதிய வெர்ஷனில் பழைய மெத்தடைத் தூக்கியிருந்தால் அங்கேயும் இதே கதிதான்.

இதனால்தான், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்யும் என்பிஎம் 7 வந்தபோது பியர் டிபெண்டென்சி (ஒரு லைப்ரரி தன்னோடு கூட இருக்க வேண்டும் என்று கேட்கும் இன்னொன்றின் வெர்ஷன்) ஒத்துப்போகவில்லை என்று இன்ஸ்டாலையே நிறுத்தியதை நான் ஆதரித்தேன். அப்போது எல்லோரும் திட்டினார்கள், அந்த முரண்பாட்டைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் லெகசி பியர் டெப்ஸ் ஃபிளாகைப் போட்டுத் தாண்டிப் போனார்கள், எங்கள் டீமிலும்தான். ஆனால் முரண்பாடு இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிற டூல் எவ்வளவோ மேல். அந்த எரர் மெசேஜைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் தலை சுற்றும் என்பது வேறு விஷயம்.

இப்போது மேவனில், விதிகளைச் சரிபார்க்கும் என்ஃபோர்சர் பிளகின் போட்டு, டிபெண்டென்சி கன்வர்ஜென்ஸ் ரூலை ஆன் செய்திருக்கிறோம். வெர்ஷன் முட்டினால் பில்ட் அங்கேயே நிற்கும். புது புராஜெக்டில் இது சுகம். பழையதில் ஆன் செய்தால் பக்கம் பக்கமாக முரண்பாடு கொட்டுகிறது, ஒவ்வொன்றாக மேவன் ஃபைலின் டிபெண்டென்சி மேனேஜ்மென்ட் பகுதியில் வெர்ஷனைக் கட்டிப்போட்டுக்கொண்டு வருகிறோம், இன்னும் முடியவில்லை. பெரிய பழைய புராஜெக்டில் இதை முழுதாகச் செய்து முடித்தவர்கள் இருந்தால், எந்த வரிசையில் போனீர்கள் என்று எழுதுங்கள்.