மரவள்ளி மாவும் செயற்கை ரப்பரும்: ஒட்டாத கலவையை ஒட்டவைக்க வழி தேடுகிறேன்

வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, கிளிசரால் சேர்த்துக் கூழாக்கிய மரவள்ளி மாவுச்சத்தை ஸ்டைரீன்-பியூட்டாடையீன் என்னும் செயற்கை ரப்பரின் பாலுடன் கலந்து, நாற்றுத்தொட்டிக்கான மெல்லிய தகடுகள் செய்து வருகிறேன். மாவு 20 விழுக்காடு வரை தகடு நன்றாக வளைகிறது. 40ஐத் தொட்டதும் வெண்திட்டுகள் தோன்றி, சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இரண்டே நாளில் பிசுபிசுத்துக் கிழிகிறது. நீரை ஈர்க்கும் மாவும் நீரை ஒதுக்கும் ரப்பரும் ஒன்றோடொன்று ஒட்டாததே காரணம். இவற்றை இணைக்க, மாவோடு பிணையக்கூடிய வேதிப்பொருளான மாலெயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய ரப்பரைப் பயன்படுத்தியவர்கள், எவ்வளவு, எந்த வெப்பநிலையில் சேர்த்தீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

இன்னோர் உறுத்தலும் உண்டு: மண்ணில் நுண்ணுயிர்கள் மாவை மட்டும் தின்று ரப்பரை விட்டுவிடுமானால், எடை குறைந்ததை வைத்து மக்கிவிட்டது என்று சொல்வது நேர்மையாகாது. (எரியக்கூடிய குப்பை சாம்பலாகிச் செமாக்காவ் தீவின் குப்பை நிரப்பிடத்துக்குப் போகும் இங்கே இந்தத் தகட்டை மண்ணில் புதைக்கப்போவது யார் என்பது என் நண்பரின் கேலி.) அதனால், நுண்ணுயிர்கள் தகட்டைத் தின்னும்போது வெளிவரும் கரியமிலவாயுவை அளக்கும் சோதனையை எளிய கருவிகளால் செய்தவர்கள் யாரேனும் வழிகாட்டுவீர்களா?