பழைய காரின் தானியங்கி ஏசியில் கோளாறு: ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாக வேண்டும்

காங்கயம் பயணி:
வணக்கம். என்னுடைய 2009ஆம் ஆண்டு காரில் தானியங்கி ஏசி இரண்டு மாதங்களாக ஒழுங்காக இயங்கவில்லை. 24இல் வைத்தால் 24 நிற்பதில்லை. இரண்டு கடைகளில் காட்டியும் பலனில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோவைக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லடத்துக்காரர்:
ஏசியைக் குளிரவைக்கும் கேஸ் குறைந்திருக்கும். இத்தனை வயதான வண்டியில் குழாய் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் இறுகிப்போய், கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது வழக்கம். கேஸ் ஏற்றினால் சரியாகிவிடும்.

சூலூர் வாசி:
பெட்ரோலா, டீசலா? ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் தனித்தனியாக வெப்பநிலை வைக்கும் வசதி உண்டா? கடைகளில் என்ன செய்தார்கள்? இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் அது ஊகமாகவே இருக்கும்.

ஈரோடு பட்டறை:
அடிப்படை தெரியாமல் கேஸ் ஏற்றச் சொல்லாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? அணைத்து நிறுத்திய வண்டியில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினால், 30 பாகை வெப்பத்தில் ஆர்134ஏ என்கிற ஏசி கேஸ் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். உள்ளே சிறிது திரவம் இருக்கும் வரை, 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். இருப்பதை முழுவதும் வெளியே எடுத்து, வேக்கம் போட்டு (குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள கிராம் கணக்குப்படி எடை பார்த்து ஏற்றுவதே முறை.

பல்லடத்துக்காரர்:
ஓடும் வண்டியில் இரு பக்க அழுத்தத்தையும் பார்த்து, குழாயைத் தொட்டுப் பார்த்து ஏற்றுகிற மெக்கானிக்குகள் எங்கள் ஊரில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்கிறார்கள். எடை பார்க்கும் இயந்திரம் எல்லாக் கடைகளிலும் இல்லை. அவர்கள் செய்வதெல்லாம் தவறு என்று நீங்கள் எழுதுவது நியாயமில்லை.

ஈரோடு பட்டறை:
வெளி வெப்பமும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் தூய்மையும் மாறினால் ஓடும்போது காட்டும் அழுத்தமும் மாறும். கேஸ் அதிகமானாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு. இதைப் புரிந்துகொண்ட பிறகு வாதிடுங்கள்.

சூலூர் வாசி:
நீங்கள் இருவரும் பேசுவது குளிர்ச்சி போதாத வண்டியைப் பற்றி. கேட்டவர் குளிர்ச்சி போதவில்லை என்று எங்கும் எழுதவில்லை. 24 நிற்பதில்லை என்றால், அதற்கு மேலே போகிறதா, கீழே போகிறதா?

காங்கயம் பயணி:
மன்னிக்கவும், அது எல்லோருக்கும் புரியும் என்று நினைத்துவிட்டேன். குளிர் தாங்க முடியவில்லை. 24 வைத்தாலும் 27 வைத்தாலும் புளோயர் முழு வேகத்தில் ஓடுகிறது. காலையில் கிளம்பினால் ஓரளவு சரியாக இருக்கிறது. திருப்பூரில் கம்பெனி வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால், காங்கயம் வந்து சேரும் வரை குளிர் குறைவதே இல்லை. அம்மா போர்வையோடு உட்கார்ந்திருக்கிறார். டீசல் செடான், ஒரே கட்டுப்பாடுதான். ஒரு கடையில் கேஸ் மாற்றினார்கள், மற்றொன்றில் ஏசி கட்டுப்பாட்டுப் பலகையையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:
டேஷ்போர்டின் மேல் பிள்ளையார் சிலை இருக்கிறதா? கண்ணாடியை ஒட்டி ஒரு சிறு கறுப்புக் குமிழ் இருக்கும், அதுதான் வெயிலை அளக்கும் சென்சார். என் வண்டியில் சிலை அதை மறைத்ததால் ஏசி தாறுமாறாக இயங்கியது. சிலையை நகர்த்திப் பாருங்கள்.

சூலூர் வாசி:
அண்ணா, அந்தச் சென்சார் மறைந்தால் வெயிலே இல்லை என்று வண்டி எண்ணிக் குளிர்ச்சியைக் குறைக்கும். இவருக்கு நடப்பது அதற்கு நேர் எதிர்.

எனக்குச் சந்தேகம் உள்வெப்பச் சென்சார் மீது. ஸ்டீயரிங் அருகே டேஷ்போர்டில் விரல்நுனி அளவில் ஒரு சிறு சல்லடை இருக்கும். அதன் பின்னால் உள்ள சென்சாரின் மின்தடை வெப்பம் ஏற ஏறக் குறையும். அதைப் படித்துத்தான் கட்டுப்பாட்டுப் பலகை உள்ளே எவ்வளவு சூடு என்று அறிகிறது. அறைக் காற்று அதன் மேல் ஓயாமல் ஓட வேண்டும் என்பதற்காக, சில வண்டிகளில் ஒரு குட்டி விசிறியும், பலவற்றில் புளோயர் பெட்டியோடு இணைந்து காற்றை உறிஞ்சும் ஒரு மெல்லிய குழாயும் வைத்திருப்பார்கள். அந்த ஓட்டம் நின்றால், சென்சார் வெயிலில் காய்ந்த டேஷ்போர்டின் வயிற்றுச் சூட்டையே அறையின் சூடாகச் சொல்லும், வண்டியும் அதை நம்பிக் குளிரை அள்ளிக் கொட்டும். காலையில் சரியாக இருப்பதும் மதியம் கெடுவதும் இதற்குப் பொருந்துகின்றன.

முதலில் வெப்பநிலையை ஹை வரை ஏற்றுங்கள். சூடான காற்று வந்தால், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் தகட்டைத் திருப்பும் ஃபிளாப் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று பொருள். பிறகு புளோயர் ஓடும்போது மெல்லிய டிஷ்யூ தாளைக் கிழித்துச் சல்லடை மேல் வையுங்கள். உறிஞ்சல் இருந்தால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பனியன் கம்பெனிகளுக்குப் போய்வரும் வண்டிகளில் அந்தச் சல்லடையைப் பஞ்சுத் தூசி அடைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். இன்னொன்று, அண்மையில் யாராவது டேஷ்போர்டைக் கழற்றினார்களா?

காங்கயம் பயணி:
ஹை வைத்தால் சூடாக வருகிறது. தாள் ஒட்டவில்லை, கீழே விழுந்துவிட்டது. இரண்டு மாதங்களுக்கு முன் தொடுதிரை ஸ்டீரியோ மாட்டினேன். ஏசிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றாததால் எழுதவில்லை.

சூலூர் வாசி:
ஸ்டீரியோவைக் கழற்றி, சல்லடைக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். அந்தக் குழாய் நழுவியிருக்கும் அல்லது மடங்கியிருக்கும். பலகையை மாற்றிவிடாதீர்கள்.

காங்கயம் பயணி:
குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியதும் தாள் ஒட்டியது. இன்று மதியம் திருப்பூரிலிருந்து வரும்போது ஊத்துக்குளி சாலையைத் தாண்டுவதற்குள் புளோயர் தானாகவே இறங்கிவிட்டது. மிக்க நன்றி.

ஈரோடு பட்டறை:
நல்லது தம்பி. ஆனால் கேஸ் மாற்றிய கடையில் எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று கேட்டீர்களா? குளிர்ச்சி குறையாத வண்டியில் கேஜை மட்டும் பார்த்து ஏற்றியிருந்தால் அளவு மிஞ்சியிருக்கக்கூடும். கோவைக்குக் கிளம்பும் முன் எடை பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.