வீட்டிற்கே வந்து புண்ணைப் பராமரிக்கும் செவிலியர்கள்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்

பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட என் தாயாருக்கு முதுகெலும்பு முடியும் இடத்தில் படுக்கைப் புண் வந்து குழி விழுந்துவிட்டதால், மருத்துவரின் பரிந்துரைப்படி பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் வீட்டிற்கு வரத் தொடங்கினார். பழைய கட்டைப் பிரித்து, மருந்து தடவி, புதுக் கட்டுப் போடுவதுதான் டிரெஸ்ஸிங் என்று வீட்டில் எல்லோரும் எண்ணியிருந்தோம். அவரோ பையைத் திறப்பதற்கு முன்பே அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, குதிகால், கணுக்கால், இடுப்பெலும்பு, தோள்பட்டை, பின்தலை என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். இடது குதிகாலில் சற்றுக் கறுத்துச் சிவந்திருந்த இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுக்கவே இல்லை. "தோல் கிழியாவிட்டாலும் இதுதான் படுக்கைப் புண்ணின் முதல் நிலை, அண்ணா, இன்றைக்கே இந்தக் காலை மெத்தையில் படாமல் தூக்கி வைக்க வேண்டும்" என்று சொல்லி, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்த பிறகே புண்ணின் பக்கம் திரும்பினார்.

ஒட்டிக்கொண்டிருந்த காஸ் துணியை இழுத்துப் பிய்க்காமல், சலைன் ஊற்றி ஊறவிட்டு, அது தானாக நெகிழ்ந்ததும் எடுத்தார். கையுறையை மாற்றிக்கொண்டு, பெரிய சிரிஞ்சில் சலைனை நிரப்பிக் குழியின் உட்பகுதியைப் பீய்ச்சிக் கழுவினார். தாள் அளவுகோலால் நீளமும் அகலமும் அளந்து, ஆழத்தையும் தோலுக்கு அடியில் புண் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்பதையும் நுண்ணுயிர் நீக்கிய பஞ்சுக் குச்சியால் பார்த்துக் குறித்துக்கொண்டார். குழியை இறுக அடைத்தால் உள்ளேயே அழுத்தம் ஏற்படும் என்பதால், ஈரக் காஸைத் தளர்வாகவே வைத்தார். ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று நாங்கள் நிம்மதியாக இருந்ததைக் கேட்டுவிட்டு, அது இருந்தாலும் புரட்டிப் படுக்க வைப்பதை விடக்கூடாது, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 30 பாகை சாய்வில் பக்கம் மாற்ற வேண்டும் என்று சொல்லி, நேரம் குறிக்க ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார். அம்மாவின் புண் ஆறியதில் மருந்துக்கு இருந்த பங்கைவிட அந்தத் தாளுக்கு இருந்த பங்கே பெரிது என்று உறுதியாக நம்புகிறேன்.

சென்னையில் இல்லச் செவிலியராகப் பணிபுரியும் உறுப்பினர்

திருச்சி ஐயா எழுதியிருப்பதைப் படித்து மனம் நிறைந்தது. நான் செல்லும் வீடுகளில் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டில் ஒன்று தயாராக இருக்கும். நுரை பொங்கினால் அழுக்கெல்லாம் வெளியேறுகிறது என்று குடும்பத்தார் நம்புகிறார்கள். ஆனால் அந்த மருந்து கிருமியோடு சேர்த்து, புதிதாக வளர்ந்துவரும் சிவந்த சதையையும் பாதிக்கிறது. புண்ணைக் காயவிட்டால்தான் ஆறும் என்ற நம்பிக்கையும் அதே அளவுக்கு வேரூன்றியிருக்கிறது. மூடி ஈரப்பதத்தில் வைத்த காயத்தின் மீது புதுத்தோல் விரைவாகப் படர்வதை ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் சோதித்து 1962இலேயே வெளியிட்டார். இதைப் பெரியவர்களுக்குப் புரியவைப்பதற்கு, கட்டுப் போடுவதைவிட அதிக நேரம் எனக்குப் பிடிக்கிறது. அந்த நேரத்தை வீணென்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

நம்மவர்களின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தின் மீது உட்கார வைக்காதீர்கள். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுப்பகுதிக்கு இரத்தம் செல்வதைக் குறைத்துவிடும்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்

என் தந்தைக்குச் சர்க்கரை நோயால் பெருவிரலின் அடியில் புண். வலி சிறிதும் இல்லாததால், கட்டுப் போட்ட காலோடு கடைத்தெரு வரை நடந்துவிட்டு வருவார். வீட்டிற்கு வந்த செவிலியர் முதலில் அவருடைய செருப்பைக் கேட்டு வாங்கி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். மேலே தெரியாமல் ஓர் ஆணி முனை உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. "வலி தெரியாத காலுக்குக் கண்தான் காவல், அப்பா" என்று சொல்லி, தினமும் இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கவும், வீட்டிற்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல் இருக்கவும் பழக்கினார். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உள்ளங்காலில் வரும் புண்களுக்குக் காரணம் சதை தானாக அழுகுவதன்று, உணர்விழந்த பாதத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அதுவே பொருந்துகிறது. எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பை அணிந்து, காலுக்கு ஓய்வு கொடுக்க அப்பா சம்மதித்த பிறகுதான் புண் சுருங்கத் தொடங்கியது.

ஈரோட்டிலிருந்து ஓர் உறுப்பினர்

ஆறவே ஆறாத புண்ணைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் முற்றித் தோலைப் பிளந்து வெளியே வந்திருந்தது. 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் நோய்த்தணிப்புச் செவிலியர் வந்தார். இந்தப் புண் ஆறாது என்பதை மறைக்காமல் பக்குவமாகச் சொல்லிவிட்டு, வாடை, கசிவு, வலி, இரத்தப்போக்கு ஆகிய நான்கையும் குறைப்பதே நம் வேலை என்றார். மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி மெட்ரோனிடசோலைப் பொடித்துப் புண்ணின் மீது தூவி, ஒட்டாத டிரெஸ்ஸிங்கை வைத்தார். வலி மாத்திரையைக் கட்டுப் பிரிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே கொடுக்கச் சொன்னார். சில நாட்களில் வாடை அடங்கியது. உறவினர்களைப் பார்க்கவே கூசி அறைக்குள் ஒதுங்கியிருந்த பெரியம்மா, மீண்டும் கூடத்தில் எல்லோரோடும் அமர்ந்து சாப்பிட்டார்.

சென்னைச் செவிலியர், மீண்டும்

செவிலியரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். வருபவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். உதவியாளரை அனுப்பிவிட்டு நர்ஸ் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. குளிப்பாட்டவும் புரட்டிவிடவும் உதவியாளர் போதும், குழிப்புண்ணுக்குப் போதாது. செத்த சதையை வீட்டிலேயே வெட்டி எடுக்க யாரேனும் முன்வந்தால் மருத்துவரைக் கேட்காமல் அனுமதிக்காதீர்கள். குதிகாலில் கறுத்துக் காய்ந்து, கசிவோ சிவப்போ இல்லாமல் இறுகியிருக்கும் பொருக்கைப் பெரும்பாலும் தொடாமல் விட்டுவைப்பதே பாதுகாப்பு. குளிர் சுரம், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, திடீர்க் குழப்பப் பேச்சு, குழியில் எலும்பு தெரிவது ஆகியவற்றில் எது ஒன்று தென்பட்டாலும், அடுத்த டிரெஸ்ஸிங் நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.